நேந்துவிட்ட மிசின்

"முன்னாடி என்ன ஓடுச்சு?"

மாவு மில்லுப் படியேறுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஒருத்தர் அரைத்ததில் ஒரு பிடி எப்போதும் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்து வருகிறவர் மாவோடுதான் அது கீழே இறங்கும். கேழ்வரகு ஓடியிருந்தால் கோதுமை கொண்டு வந்தவள் கொஞ்சம் தயங்குவாள். மல்லி ஓடியிருந்தால் அரிசிக்காரி டின்னை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். புளியங்கூரணியில் இருபத்திரண்டு வருசமாக மில் நடத்துகிற சீனியம்மாளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லுவாள். இப்போது ஒன்பது நாளாக அதைக் கேட்க ஆளில்லை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை கூட்டியாகிவிட்டது. கூட்டுவதற்குத் தரையில் மாவு இருந்தால்தானே. தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாள். பங்குனி வெயிலில் பத்து மணிக்கே தார் இளகிக் கிடந்தது. காலனிப் பக்கமிருந்து ஒரு டாடா ஏஸ் வண்டி டின்னும் வாளியும் குலுங்க வந்து, மில்லைத் தாண்டி டி. கல்லுப்பட்டிப் பக்கம் போனது. பின்னால் நின்ற பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், மில் வாசல் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், தாண்டியதும் சிரித்தார்கள்.

"போகுது பாருங்க," என்றாள் உள்ளே திரும்பி. "எட்டு மைலு. ரெண்டு படி கம்புக்கு வண்டி பிடிச்சு."

"போனாப் போகட்டும். நீ ஏன் வாசல்ல நின்னு கண்ணு வைக்கிற?" என்றான் அவள் புருசன் காளை. வலது கையில் கட்டை விரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் அவனுக்கு மிச்சம். அந்த இரண்டையும் இடுக்கிபோல் வைத்துப் பெல்ட்டில் ஒட்டிய பிசிறைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

நடு விரல்கள் மூன்றும் பெரிய மிசின் பெல்ட்டில் போனவை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அவன் கண் திறக்காமல் கிடந்தபோது, சீனியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டாள். "உசுர மட்டும் குடுத்துரு. ஒனக்குன்னு ஒரு மிசின் வாங்கி விடுறேன். ஒன் வெளக்குக்கு மாவு நிக்காம ஓடும்."

ஆள் பிழைத்தான். மிசினும் வந்தது. பெரிய மிசினுக்குக் கிழக்கே, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நிற்பது அதுதான். பங்குனியிலும் ஆடியிலும் மட்டும் ஓடும். மாவிளக்குப் பச்சரிசி தவிர வேறொன்றும் அதன் வாய்க்குள் போகாது. காப்புக் கட்டிவிட்டால் சீனியம்மாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு, மஞ்சள் சேலை. அந்த மாவை ஆத்தாளுக்கு முந்தி ஒருத்தரும் மோந்து பார்க்கக்கூட மாட்டார்கள். கூலி மட்டும் மற்ற மிசினுக்குள்ள கூலிதான்.

வினை அந்த மிசினில்தான் வந்தது.

காலனிக் கருப்புவின் மகள் பாண்டிமீனா சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்த பிள்ளைக்காக அவர்கள் தெருக் காளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தாள். ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசியை டின்னில் கொண்டுவந்து, நேராகச் சாமி மிசின் பக்கம் வைத்துவிட்டாள்.

"இங்கிட்டு வையி தாயி. பெரிய மிசின்ல அரைச்சுத் தாரேன்," என்றாள் சீனியம்மாள்.

"அதுல முன்னாடி என்ன ஓடுச்சு?"

"மல்லி."

"மல்லி வாசத்தோட வெளக்கு வைக்கச் சொல்றீங்களா?"

"ஒங்க ஆத்தா ஒரல்லதான இடிப்பா?"

"எங்கம்மாவுக்கு இடுப்பு போய் வருசம் நாலாச்சு. இதுல போடுங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாகுது."

"ஒன்னயக் கொறைச்சுச் சொல்லல. அது நேந்துவிட்ட மிசினு. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"என்ன மொறை?"

"ஒனக்குத் தெரியாததா."

"தெரியல. வாயத் தொறந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

சீனியம்மாளால் சொல்ல முடியவில்லை. ஊரில் யாரும் அதை வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "படிச்ச புள்ள இப்படி வம்புக்கு நிக்கிறியே," என்று மட்டும் சொன்னாள்.

"சர்க்கரை எறங்கி மயங்கிக் கெடந்தீங்களே, போன ஆடியில. ஒங்க கையைப் பிடிச்சு ஊசி போட்டேன். அதை எந்த மொறையில போட்டேன்?"

டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் காலனி ஆட்களின் போனில் எல்லாம் சேதி பரவிவிட்டது: மில்லுக்கு இனி ஒரு மணி தானியம் போகக் கூடாது. காலனியில் ஊரைவிட வீடு அதிகம். கம்பு, கேழ்வரகு, மிளகாய், மல்லி என்று வாரம் தவறாமல் வந்தவர்கள் அவர்கள்தான்.

அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். சாமி மிசின் கல்லை வருசா வருசம் காப்புக்கு முந்தின நாள் கொத்திக் கொடுப்பவன் கருப்பு. கல் மழுங்கினால் மாவு வேகும். கொத்தி வரி விட்டால்தான் பூவாக விழும். அவனுக்குப் போன் போட்டாள்.

"கருப்பு, நாளைக்குக் காப்பு. கல்லு மழுங்கிக் கெடக்கு."

"ஆமா தாயி."

"ஆமான்னா? எப்ப வார?"

"வரல தாயி."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எம்மக அரிசிக்கு ஆகாத கல்லு என் உளிக்கு மட்டும் எப்படி ஆகுதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணாய்யா? நீ வேலைக்கு வார."

"அதான் தாயி. வேலைக்கு ஆகுமாம், வெளக்குக்கு ஆகாதாம். வச்சுரவா?"

வைத்தும்விட்டான். இத்தனை வருசத்தில் அவன் முதலில் போனை வைத்தது இல்லை.

"நான் கொத்துறேன் விடு," என்றான் காளை.

"ரெண்டு வெரலை வச்சுக்கிட்டா?"

"இடது கையில அஞ்சு இருக்குல்ல."

அன்று முழுக்கத் தட்டினான். உளி நழுவிக் கட்டை விரல் நகம் கறுத்ததுதான் மிச்சம் என்று நினைத்தாள். ஆனால் கல்லில் வரி விழுந்திருந்தது. கொத்தின கல்பொடி போகட்டுமென்று கழிவுக்கு இரண்டு படி அரிசி ஓட்டி மாட்டுக்குக் கொட்டினாள். அடுத்து விழுந்த மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். நைசாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சிறப்பு எஸ்.ஐ. உக்கிரபாண்டி வண்டியை வேம்படியில் நிறுத்திவிட்டு வந்தார். பக்கத்து ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம்.

"தண்ணி குடுங்கத்தா. திங்கக்கிழமை தாலுகா ஆபீசுல பேச்சுவார்த்தை. ரெண்டு பேரும் வந்துருங்க."

"யாரு, அந்தக் கருப்பு மக மனுக் குடுத்திருக்காளா?"

"பாண்டிமீனா. பேரைச் சொல்லுங்க. அவுக இவுகன்னு பேசிப் பழகிக்கங்க, ஆபீசுல வாய் தவறிறப் போகுது."

"நான் என்னத்தைக் களவாண்டேன்?"

"களவாண்டிருந்தா நானே ஜாமீனுக்கு ஆள் பாத்துருவேன். இது வன்கொடுமைச் சட்டம். கேசாச்சுன்னா முன்ஜாமீனே கெடையாது."

"என் மிசினு, என் சாமி. எடையில சட்டத்துக்கு என்ன சோலி?"

"கும்புடுறதுல ஒரு சோலியும் இல்ல. கடையத் தொறந்து வச்சுட்டு ஒனக்கு இல்லைன்னு சொன்னீகளே, அதுலதான்."

"அவுக மட்டும் வண்டி கட்டிக் கல்லுப்பட்டிக்குப் போறாக. என் கடைக்கு வராம இருக்கதுக்கு ஒரு சட்டமும் இல்லையாக்கும்?"

"எந்தக் கடையில வாங்குறதுங்கிறது அவுக இஷ்டம். யாருக்குக் குடுக்கிறதுங்கிறது ஒங்க இஷ்டம் இல்ல."

"நல்லா இருக்கு நாயம்."

"நாயத்தை நானா எழுதுனேன்? எனக்கே ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்கு. இனி எல்லாருக்கும் அரைக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்கத்தா." சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் முதல் விளக்கு மில் வீட்டு விளக்குத்தான். நேந்துவிட்ட அன்றிலிருந்து ஊர் கொடுத்த மரியாதை அது. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, குழி பறித்து, நெய் விட்டுத் திரி போட்டாள். சுடர் ஆடாமல் நின்றது. திரி அணைந்ததும் மாவைப் பிய்த்து எல்லார் கையிலும் ஒரு விள்ளல் வைத்தாள். வாயில் போட்ட செல்லக்கிளியின் கன்னம் பாதியில் நின்றது. அவள் காளைக்கு ஒன்றுவிட்ட தம்பி பெண்டாட்டி. மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

"மதினி, நறநறங்குது."

"என்னடி?"

"கல்லு."

சீனியம்மாள் தன் விள்ளலை வாயில் போட்டாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்த இடத்தில் மணல் கடிபட்டது. சுற்றிலும் பெண்கள் துப்பவும் முடியாமல், ஆத்தா பிரசாதத்தை விழுங்கவும் முடியாமல் நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் பேயாண்டி. காளைக்குச் சித்தப்பா.

"ஒங்களுக்கு எப்படி மாமா தெரியும்? பல்லு செட்டுல்ல," என்றாள் செல்லக்கிளி.

சிரித்தவர்கள் உடனே நிறுத்திக்கொண்டார்கள். பேயாண்டி குரலை உயர்த்தினார். "சாமிக்குத்தம்தான் இது. காலனி அரிசி மிசின் பக்கம் வந்துச்சுல்ல. ஆத்தா கோவிச்சுக்கிட்டா."

"அது கல்லைத் தொடலையே மாமா. டின்னோட திரும்பிருச்சு," என்றாள் சீனியம்மாள்.

"வாசல் வரைக்கும் வந்துச்சுல்ல. இந்தா பாரு மருமகளே, திங்கக்கிழமை ஆபீசுல எதையும் எழுதிக் குடுத்துராத. குடுத்தா ஊரு டின்னு ஒண்ணுகூட ஒன் படி ஏறாது."

பல்லிடுக்கில் மணல் இருந்ததோ என்னவோ, சீனியம்மாளுக்கு வாய் நிற்கவில்லை. "ஒங்க வீட்டுல சப்பாத்திக்கு என்ன மாவு மாமா?"

"அது... பாக்கெட்டு."

"மொளகாப்பொடி?"

"அதும் பாக்கெட்டுத்தான். மருமக வாங்குறா."

"வாராவாரம் வந்தவுகளை விட்டுட்டு, வருசத்துக்கு ஒருக்கா வாரவுகளுக்காக நின்னுக்கிட்டு இருக்கேன். பாத்துப் பேசுங்க."

பேசிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆத்தா வாயில் மணலை வைத்துவிட்டோம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. சாமி மிசினின் மேல்கல்லைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். காளை விட்ட வரிகள் கோணல்மாணலாக, ஓரம் பொரிந்து கிடந்தன. விரலால் தொட்டால் பொடி உதிர்ந்தது. காளை கறுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனிக்கு நடந்தாள். தண்ணித் தொட்டிக்கு அப்பால் அவள் கால் வைத்ததில்லை. கருப்பு வீடு எதுவென்று கேட்க வேண்டியிருந்தது. கேட்ட வீட்டில் ஒரு கிழவர் பதில் சொல்வதற்கு முன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

கருப்பு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டான். அவன் மனைவி சுந்தரம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்தாள்.

"டீ குடிக்கீகளா? இல்ல அதுக்கும் ஒரு மொறை இருக்கா?"

"வெரதம்," என்றாள் சீனியம்மாள். உண்மைதான்.

"வெரதம்னா சரி."

"மாவுல கல்லு, கருப்பு."

"கேள்விப்பட்டேன். எம்புட்டுக் கழிச்சீக?"

"ரெண்டு படி. தேச்சுக்கூடப் பாத்தேன்."

"தேச்சாத் தெரியாது தாயி. நாக்குல வைக்கணும்."

"சாமி மாவை எப்படி நாக்குல வைக்க?"

கருப்பு தரையைப் பார்த்தான். சுந்தரம்மாள்தான் சிரித்தாள். "இம்புட்டு வருசமா யாரு நாக்குல வச்சு ஒங்க ஆத்தாளுக்கு அனுப்புனாகன்னு நெனைச்சீக?"

கல் கொத்திய கையோடு ஒவ்வொரு படியாகக் கழிவு ஓட்டிவிட்டு, மிசினுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பான் கருப்பு. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவான். "சரியாயிருச்சு தாயி, ஓட்டுங்க" என்பான். வேர்வை துடைக்கிறான் என்றே இத்தனை காலமும் அவள் நினைத்திருந்தாள்.

"சில வருசம் மூணு படி, சில வருசம் அஞ்சு படி. நறநறப்புப் போற வரைக்கும் பாப்பேன்," என்றான் கருப்பு. "நான் வெரதமில்லையே."

"கடைசிப் படி மாவை மாட்டுக்குன்னு கேட்டு வாங்கிட்டு வருவாருல்ல," என்றாள் சுந்தரம்மாள். "எங்ககிட்ட ஏது மாடு? எங்க காளியாத்தாளுக்கு அதுலதான் வெளக்கு. ஒங்க ஆத்தாளுக்கு முந்தி எங்க ஆத்தா தின்னுட்டா."

உள்ளேயிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பாண்டிமீனா வந்தாள். "எனக்கு அது பிடிக்கல. மாட்டுக்குன்னு வாங்குன மாவுல எம்மகனுக்கு நேந்த வெளக்கை வைக்கவா? அதான் டின்னைத் தூக்கிட்டு முன்வாசல்ல வந்தேன்."

சீனியம்மாள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். "நீ... நீங்க அரிசியக் குடுங்க. மொதல் ஓட்டமே ஒங்களுதுதான். அப்பாவை மட்டும் வரச் சொல்லுங்க."

"எனக்குக் கல்லுப்பட்டியில அரைச்சாச்சு. எனக்கு மட்டும் அரைச்சுக் குடுத்துட்டு அடுத்த பங்குனிக்கு மறுபடி மொறை சொல்லுவீங்க. நாளைக்கு எழுதிக் குடுங்க. என்னைக்கும், எல்லாருக்கும், ரெண்டு மிசினும்னு. அதுக்கப்புறம் வாரது அப்பா இஷ்டம்."

"எழுதிக் குடுத்தா ஊர்க்காரக வரமாட்டாகளே."

"கல்லுப்பட்டிக்குப் போகட்டும். வண்டிக்காரர் நம்பர் நான் தாரேன்."

திங்கட்கிழமை தாசில்தார் அம்மா அதிகம் பேசவில்லை. மனுவைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அது கடை இல்லீங்க, சாமி," என்றாள் சீனியம்மாள். இந்த ஒரு வரியைப் பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்திருந்தாள்.

"கரண்ட்டு யார் பேர்ல?"

"மில்லு பேர்லங்க."

"அரைக்கக் கூலி வாங்குவீங்களா?"

"வாங்குவோம்."

"சாமி கூலி வாங்குமா?"

சீனியம்மாள் காளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுக்கு மட்டும் அரைச்சு ஒங்க சாமிக்கு வச்சா நான் கேட்க முடியாது. கூலி வாங்கி நாலு பேருக்கு அரைச்சா அது கடை. கடைக்குள்ள ஒருத்தர் வரலாம், ஒருத்தர் கூடாதுன்னு சொல்ல அரசியல் சட்டத்துலயே எடமில்லை."

காளை அவள் காதோரம் குனிந்தான். "சாமி மிசினைப் பூட்டிருவோம். யாருக்கும் இல்லைன்னா யாருக்கும் இல்ல. ஊரும் பேசாது, சட்டமும் பேசாது."

அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஒரு நிமிசம் மனசு அதில் போய் உட்காரக்கூடச் செய்தது. எதிர்ப் பெஞ்சில் பாண்டிமீனா பிள்ளைக்குப் பால் புட்டியைக் கொடுத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டுறேன்னு நேரலையே," என்றாள் சீனியம்மாள், காளைக்கு மட்டும் கேட்கிற குரலில். "நிக்காம ஓடும்னுல்ல நேந்தேன்."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. பாண்டிமீனா தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'ரெண்டு மிசினும்' என்பது விட்டுப்போயிருந்தது. எழுதச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கருப்பு உளியோடு வந்தான். மறுநாள் கோயில் பொங்கல், ஊர் மாவிளக்கு எல்லாம் அன்றுதான். அவன் தட்டத் தட்டக் கல்லில் வரிகள் நேராக இறங்கின. காளை பக்கத்தில் குந்தி ஒவ்வொரு அடியையும் பார்த்தான். கல்லை ஏற்றிப் பூட்டிவிட்டுக் கருப்பு துண்டை உதறினான்.

"கொத்திட்டேன். நாக்குல பாக்குறது இனி என் வேலை இல்ல தாயி."

சொல்லிவிட்டு வாசல் குழாயில் உளியைக் கழுவப் போனான்.

முதல் படி ஓடியது, இரண்டாவது ஓடியது. இரண்டையும் கொட்டினாள். கழிவுக்கு வைத்திருந்த அரிசி அத்தோடு தீர்ந்தது. படியில் சுந்தரம்மாள் டின்னோடு உட்கார்ந்திருந்தாள். காலனியிலிருந்து வந்தது அவள் ஒருத்திதான். வேம்படியில் செல்லக்கிளியும் இன்னும் மூன்று ஊர்ப் பெண்களும் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளேயும் வராமல், திரும்பியும் போகாமல் நின்றார்கள்.

"என் அரிசியப் போடுங்க," என்றாள் சுந்தரம்மாள். "கல்லு இருந்தா எனக்குத்தான நட்டம்."

போட்டாள். துணிப்பை உப்பி மாவு இறங்கியது. சீனியம்மாள் ஒரு சிட்டிகை எடுத்தாள். கையில் காப்பு, இடுப்பில் மஞ்சள் சேலை. எதிரே மஞ்சள் பூசிய மிசின். மிசினுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நிற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கருப்பு நின்ற இடம்தான். அவள் போகவில்லை. வாசலைப் பார்த்தபடியே மாவை நாக்கில் வைத்தாள். கல் சூட்டோடு இனித்தது. பல்லுக்கு நடுவில் வைத்து அரைத்தாள். இன்னொரு தடவை அரைத்தாள். விழுங்கினாள்.

வேம்படியில் நின்ற நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"கல்லு இல்ல சுந்தரம்மா," என்றாள். "பூவா இருக்கு."

சுந்தரம்மாள் டின்னை நிரப்பிக்கொண்டு கூலியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி படி இறங்கினாள். மிசின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கல் ஓடக் கூடாது; ஒன்றையொன்று தேய்த்துத் தின்றுவிடும். சீனியம்மாள் ஸ்டார்ட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

செல்லக்கிளி டின்னை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு படியேறி வந்தாள்.

"மதினி, முன்னாடி என்ன ஓடுச்சு?"

"பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"இருந்தாலும் கேக்கணும்ல."

"பச்சரிசி. சுந்தரம்மா வீட்டுது."

செல்லக்கிளி மேல் தொட்டியை எட்டிப் பார்த்தாள். டின்னை இறக்கினாள். "எங்க மாமியாகிட்ட மட்டும் சொல்லிராதீக."

"நானாப் போய்ச் சொல்லல. வந்து கேட்டா மறைக்கவும் மாட்டேன்," என்று சீனியம்மாள் டின்னைத் தூக்கி மேல் தொட்டியில் கவிழ்த்தாள். கத்திக்கொண்டிருந்த கல், அரிசி விழுந்ததும் குரல் தணிந்து ஓடியது.